மேலே பாளை, கீழே அடுப்பு

காலை ஐந்தரைக்குக் கம்பத்தில் ஏறினால் ஏழு மணிக்குள் ஏலத்தோட்டம். என் அம்மா பதினெட்டு வருஷம் அந்த ஜீப்பில் போய்வந்தாள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேர், மடியில் தூக்குச்சட்டி. கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு கடை. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. மலையாளம் படிக்கத் தெரியாத அந்த ஜீப்பில் எல்லாருக்கும் வாசிக்கத் தெரிந்த ஒரே மலையாளச் சொல் அதுதான்: கள்ளு.

எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இந்தப் பக்கம் 1987 ஜனவரியிலிருந்து கள் இறக்குவது குற்றம். அரசாங்கமே நடத்தும் கடையில் பாட்டில் வாங்குவது வருமானம். இந்த இரண்டு சட்டங்களையும் தினமும் காலையும் மாலையும் கடந்துபோய் வந்த பெண்களிடம் எந்தக் கட்சிக்காரராவது வந்து கள்ளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதை நான் பார்த்ததில்லை.

2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் நாம் தமிழர் கட்சியின் சீமான் தடையை மீறிப் பனை ஏறிக் கள் இறக்கினார். கள் மது அல்ல, உணவு என்பது அவர் பல காலமாகச் சொல்லிவருவது. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடியபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "சாப்பாடுங்கிறாரே, அப்ப பொம்பளைக்கும் ஒரு தட்டு வைப்பாராமா?"

அம்மா கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் கேட்கப்போவதும் அதையேதான்.

சீமானைக் கேலி செய்வது சுலபம். மீம் போடுகிறவர்கள் அதை நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் 2010 மே மாதம் மதுரையில் தொடங்கிய கட்சி, 2016 சட்டமன்றத் தேர்தலில் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. 2019இல் 4 சதவீதத்தை நெருங்கியது. 2021இல் ஆறரை சதவீதத்தைக் கடந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 8 சதவீதத்தைத் தாண்டி மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்தையும் வாங்கியது. இத்தனை தேர்தலிலும் கூட்டணி இல்லை, ஒரு தொகுதியிலும் வெற்றி இல்லை. சீமானே 2016இல் கடலூரில் தோற்றார், 2021இல் திருவொற்றியூரில் மூன்றாம் இடத்துக்கு வந்தார். ஜெயிக்காமலே வளர்கிற ஒரு கட்சியை, அதுவும் படித்த பிள்ளைகள் இவ்வளவு பேர் நம்புகிற கட்சியை, மீம் போட்டுக் கடந்துவிட முடியாது. ஆட்சிக்கு வராதவரின் பேச்சுக்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. அதைச் செய்துகாட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆகவே அது கனவாகவே இருக்கிறது, கனவில் எல்லாருக்கும் இடம் இருப்பதுபோலத் தெரிகிறது.

அந்தக் கனவின் மையத்தில் இருப்பது உடல். நம்மாழ்வாரை முன்னோடியாகச் சொல்கிற இந்த அரசியலில் மண் நோயாளி, விதை நோயாளி, நாட்டு மாட்டை விரட்டிவிட்டு வந்த சீமைப்பசு நோய்க்குக் காரணம், சோறு நஞ்சு. பனையும் கள்ளும் மாடும் மருந்து. இதில் எனக்கு உடன்பாடான பகுதி நிறைய உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்து ஓரமாக நடந்துபோனவர்களுக்கு மருந்தடிக்கிற நாளின் வாசம் தெரியும். அந்தத் தோட்டத்தில் குலை வெட்டவும் களையெடுக்கவும் போகிற பெண்களின் கைத்தோலைப் பார்த்தவர்களுக்கு 'நஞ்சு' என்ற சொல் மிகையாகத் தெரியாது. ஆக, இயற்கை என்ற பேச்சே பிற்போக்கு என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பேச்சில் குணமாக வேண்டிய உடல் யாருடையது, குணப்படுத்தும் வேலை யார் தலையில் விழுகிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

கள்ளிலிருந்தே தொடங்கலாம். பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுகிற சாறு ஒன்றுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திலேயே காற்றிலுள்ள ஈஸ்ட் வேலையைக் காட்டிவிடும், புளித்துக் கள்ளாகும், ஏறக்குறைய பீர் அளவுக்குப் போதையும் ஏறும். நேரம் ஆக ஆகக் கடுக்கும். உணவுக்கும் மதுவுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பும் கொஞ்ச நேரமும். கள்ளில் பி வைட்டமின் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், ஆல்கஹாலும் இருக்கிறதே. பாதுகாப்பான குடி அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது அது சீமைச் சாராயத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

ஆனால் என்னை யோசிக்கவைத்தது வேதியியல் இல்லை. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் சாத்தான்குளம் பக்கத்துப் பெண். அவள் அப்பா பனையேறி. பங்குனி தொடங்கினால் குடும்பமே காட்டுக்குள் விடிலி போட்டுத் தங்கிவிடும். அவர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குவார். அவள் அம்மா அடுப்பு முன்னால். பதநீரை ஊற்றி, மட்டையும் முள்விறகும் வைத்து எரித்து, மணிக்கணக்கில் கிண்டிப் பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால்தான் கருப்பட்டி. புகையில் அவருக்குக் கண் எப்போதும் சிவந்தே இருக்கும் என்பாள். ஒரு விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கள்ளைத் திறந்துவிட்டால் உங்களுக்கு நல்லதா அத்தை என்று கேட்டேன். அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"நல்லதுதான் தாயி. காய்ச்ச வேண்டாம், கண்ணு எரியாது. ஆனா கள்ளுக்காசு மரத்தடியிலேயே மாமா கைக்குப் போயிரும். கருப்பட்டிக் காசுன்னா சிரட்டைய எண்ணி நான் வாங்குவேன்."

பனை பற்றி நான் கேட்ட எந்த மேடைப் பேச்சிலும் இந்த இரண்டு வாக்கியம் அளவுக்குப் பொருளாதாரம் இல்லை. மரத்தின் மேலே இருக்கிற ஆணின் உழைப்பு எல்லாருக்கும் தெரியும். அது உயரத்தில் நடக்கிறது, உயிராபத்தானது, புகைப்படத்துக்கும் ஏற்றது. கீழே அடுப்பில் இருக்கிற உழைப்பு தெரியாது. பதநீரைக் கள்ளாக்கினால் அடுப்பு அணைகிறது. அது ஒரு விடுதலை. கூடவே அவள் கையில் எண்ணி வாங்கிய காசும் போகிறது. கள் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் இரண்டு தரப்பும் பேசுவது குடிப்பவனைப் பற்றியும் ஏறுபவனைப் பற்றியும்தான். காய்ச்சுகிறவள் எந்தத் தரப்பிலும் இல்லை. கள் உணவு என்று சொல்லும் தலைவர், அதே மரத்திலிருந்து உண்மையிலேயே உணவாக வந்துகொண்டிருந்த ஒன்றைச் செய்கிறவளைப் பார்க்காமல் ஏறிவிட்டார்.

நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கள்தடை பனையேறிகளைக் குற்றவாளிகளாக்கியது. சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட ஒரு தொழிலை அரசாங்கம் போலீஸ் வழக்காகவும் மாற்றியது. அதே அரசாங்கம் 2023-24 நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் ஈட்டியது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கள் இருந்திருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று கள் ஆதரவாளர்கள் சொல்வதை முட்டாள்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வாதத்திலும் கள்ளக்குறிச்சிப் பெண்கள் விதவைகளாக மட்டும்தான் வந்து போகிறார்கள். அவர்களிடம் கேட்டால் சாராயத்துக்குப் பதில் கள் தாருங்கள் என்று சொல்லியிருப்பார்களா?

எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்த அம்மாவிடம் இதைக் கேட்டேன். கேரளத்துக் கள்ளுக்கடையில் கப்பக்கிழங்கும் மீன்கறியும் நன்றாக இருக்கும், அங்கே அது நிஜமாகவே சாப்பாட்டுக் கடைதானே என்று வாதாடியும் பார்த்தேன். "கறி நல்லாத்தான் இருக்கும். ஆனா அங்கயும் சனிக்கிழமை சனிக்கிழமதான்" என்றாள். சனிக்கிழமை சம்பள நாள்.

'பனம்பால்', 'தென்னம்பால்' என்று கள்ளுக்குப் பெயர் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பால் என்ற சொல்லுக்கு ஒரு தூய்மை உண்டு, தாய்மையின் வாசம் உண்டு. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேனிக்காரியான எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறு ஒரு பால் ஞாபகம் வருகிறது. கள்ளிப்பால். உசிலம்பட்டியிலிருந்து கணவாய் தாண்டி ஆண்டிபட்டி வரைக்கும் எத்தனை வீடுகளில் பிறந்த பெண் சிசுவின் வாயில் அது விடப்பட்டது என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தேனிக்கும் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது என்பது போதும். கள்ளிப்பால் இயற்கையானது. ரசாயனம் கலக்காதது. வீட்டுப் பின்வேலியிலேயே கிடைப்பது. பாட்டிமார் அறிந்த பாரம்பரிய அறிவு.

இதை நான் குத்தலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் வீட்டுப் பிரசவம் என்றால் கதவு சாத்திய அறை. அந்த அறையில் என்ன நடந்தது என்று வெளியே தெரியாது. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளின் பெயரை எழுதத் தொடங்கியதும், பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்தக் கதவைத் திறந்த காரணங்களில் முக்கியமானவை. பிறந்த குழந்தைக்கு ஒரு பதிவு எண் வந்தது. காணாமல்போனால் கேட்க ஓர் ஆள் வந்தது. பழைய நாளில் எல்லாம் சுகப்பிரசவம், சிசேரியன் ஏது என்று மேடையில் யாராவது சொல்லும்போது, அந்தப் பழைய நாளில் பிறந்து பெயர் வைக்கப்படாமல் போன பிள்ளைகளை நான் எண்ணிக்கொள்வேன்.

2018இல் இந்தப் பேச்சு எங்கள் மாவட்டத்துக்கே வந்தது. ஜூலையில் திருப்பூரில் இணையத்தில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம்பெண் ரத்தப்போக்கில் இறந்தார். ஆகஸ்டில் கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கைதானார். அதே ஆகஸ்டில் தேனியை ஒட்டிய ஓர் ஊரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்த குடும்பத்துக்கும் சுகாதாரத் துறையினருக்கும் வாசலில் வாக்குவாதம். சீமானுக்கும் இந்தச் சம்பவங்களுக்கும் தொடர்பில்லை, அப்படி நான் சொல்லவும் இல்லை. நான் கவனித்தது வேறு. அந்த வாக்குவாதம் பற்றி ஊரில் பேசியவர்கள் எல்லாரும் கணவன் என்ன சொன்னான், மாமனார் என்ன சொன்னார், டாக்டர் என்ன சொன்னார், போலீஸ் என்ன செய்தது என்றே பேசினார்கள். பெற்றவள் என்ன சொன்னாள் என்று ஒருவரும் சொல்லக் கேட்கவில்லை. மாட்டிலும் விதையிலும் தொடங்குகிற 'இயற்கை' என்ற சொல் கருப்பைக்கு வந்து சேரும்போது இப்படித்தான் வருகிறது: ஆண்கள் தங்களுக்குள் நடத்தும் ஒரு விவாதமாக.

அதற்காக ஆஸ்பத்திரியைக் கோயிலாக்க வேண்டியதில்லை. 2018-20 கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தார்கள், அப்போது இந்தியச் சராசரி 97. இது பெருமைப்பட வேண்டிய விஷயம், செவிலியர்களுக்குச் சேர வேண்டிய பெருமை. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இங்கே 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன், தனியாரில் 64. என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்தின்போது ஓர் ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காப்பர்-டி போட்டு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து வயிற்றுவலிக்குப் போனபோதுதான் அவளுக்கே தெரிந்தது. பிரசவ அறையில் வலியில் கத்தினால் என்ன ஏச்சு விழும் என்று இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். இந்த அவமானத்தின் மேல்தான் மாற்று மருத்துவர்கள் கடை விரிக்கிறார்கள். மரியாதையாகப் பேசுகிறார்கள், உன் உடம்புக்கே எல்லாம் தெரியும் என்கிறார்கள். ஒரு பெண்ணிடம் அதுவரை யாரும் சொல்லாத வாக்கியம் அது. அப்புறம்தான் அந்த உடம்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும்.

மாட்டுக்கு வருகிறேன். 2025 ஜூலையில் மதுரையில் ஆடு மாடுகளுக்கென்று மாநாடு நடத்தினார் சீமான். கால்நடைகளை முன்னால் நிறுத்திவைத்துப் பேசினார். ஆகஸ்டில் எங்கள் போடிப் பக்கம் மாடுகளோடு வனத்தை நோக்கிப் போய் மேய்ச்சல் உரிமை கேட்டார். அடுத்து மரங்களுக்கு ஒரு மாநாடு. பத்திரிகைகள் சிரித்தன. ஆடு மாடு வளர்ப்பதை அரசு வேலை ஆக்குவேன் என்று முன்பு அவர் சொன்னபோதும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் சேரவில்லை. மாடு மேய்ப்பது கேவலம் என்று நினைக்கிறவர்களின் சிரிப்பு அது. சாதியும் இங்கிலீஷும் கலந்த சிரிப்பு.

உண்மையில் அந்த வாக்குறுதியைச் சீமானைவிடத் தீவிரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது. எங்கள் அப்பத்தா வீட்டில் இரண்டு மாடு. விடியற்காலை சாணி அள்ளி, தொழுவம் கூட்டி, புல் அறுத்துவந்து போட்டு, பால் பீய்ச்சி சங்கத்துக்குக் கொண்டுபோனது அப்பத்தா. பால் அட்டையில் பெயர் தாத்தாவுக்கு. பத்து நாளைக்கு ஒரு தரம் பணம் வாங்கப் போனதும் அவர். மாடு வளர்ப்பு அரசு வேலை என்றால், அந்த நியமன ஆணை யார் பெயருக்கு வரும்? அப்பத்தா பெயருக்கு வரும் என்று ஒரே ஒரு முறை அந்த மேடையில் சொல்லியிருந்தால், வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டு உலகம் முழுக்கப் பெண்கள் நடத்திய போராட்டத்தைத் தமிழ்நாட்டில் முதலில் மேடையேற்றியவர்களில் ஒருவர் என்று நானே எழுதியிருப்பேன். நான் தேடிப்பார்த்த பேச்சுகளில் அப்படி ஒன்று கண்ணில் படவில்லை.

மேய்ச்சல் உரிமை விஷயமும் இதுதான். 2022இல் உயர்நீதிமன்றம் முதலில் எல்லா வனங்களிலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகிவிட்ட எங்கள் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. மலைமாடு வைத்திருப்பவர்களின் கஷ்டம் நிஜம். இதற்கு ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே ஏற்கிறது. அந்த உரிமையைக் கிராம சபை வழியாகக் கேட்க வேண்டும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். குடும்பத்துக்குப் பட்டா தரும்போது கணவன் மனைவி இருவர் பெயரிலும் தர வேண்டும். மனு எழுதி, கூட்டம் கூட்டி, பெண்களைக் கொண்டுவந்து உட்காரவைத்து, தீர்மானம் போடும் வேலை. அதில் கேமரா வராது. தலைவர் மாட்டோடு வனத்துக்குள் நடப்பது ஒரு நாள் செய்தி. அந்தப் படங்களில் நான் பார்த்ததெல்லாம் ஆண்களின் முதுகு.

அப்படியானால் பட்டியலில் பாதி பெண்கள் என்பது?

இது அந்தக் கட்சியின் நிஜமான சாதனை, குறைத்துச் சொல்லக்கூடாது. 2019இல் 40 தொகுதியில் 20 பெண்கள். 2021இல் 234இல் 117. 2024இல் மறுபடியும் பாதி. 2021இல் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போன பெண்கள், எல்லாக் கட்சியும் சேர்த்து, 12 பேர். 33 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டத்தை 2023இல் நிறைவேற்றிவிட்டு அதை எப்போது அமலாக்குவது என்று தெரியாமல் இருக்கிற நாட்டில், சட்டம் இல்லாமலே பாதியைக் கொடுத்துக் காட்டியவர்கள் இவர்கள். பெரிய கட்சிகள் 'ஜெயிக்கக்கூடிய பெண் வேட்பாளர் கிடைக்கவில்லை' என்று சொல்லும் பொய்யை அந்தப் பட்டியல் ஒவ்வொரு தேர்தலிலும் உடைக்கிறது. மைக் பிடித்துப் பயமில்லாமல் பேசும் எத்தனையோ சின்ன ஊர்ப் பெண்களை அந்தக் கட்சி உருவாக்கியிருக்கிறது.

ஜெயிக்காத இடத்தில் பாதி கொடுப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அது கொஞ்சம் மலிவான கேள்வி. டெபாசிட் போகும் என்று தெரிந்தும் வெயிலில் நிற்கிற பெண்ணை அவமதிக்கிற கேள்வி. நான் கேட்பது வேறு. வேட்பாளராகப் பாதி இருக்கிறார்கள். கொள்கையை யோசிப்பதில் எவ்வளவு இருக்கிறார்கள்? கள் உணவு என்று முடிவானபோது அந்த 117 பேரில் எத்தனை பேரிடம் கேட்டார்கள்? அவர்களில் ஒருத்திக்காவது குடிக்கிற அப்பாவோ அண்ணனோ புருஷனோ இருந்திருக்க மாட்டானா? கட்சியின் பெண் முகமாக நன்கு அறியப்பட்ட காளியம்மாள் 2025 பிப்ரவரியில் விலகிப் போனார். ஒருவர் விலகுவது எந்தக் கட்சியிலும் நடப்பதுதான். ஆனால் 2024இல் எட்டு சதவீதம் வாக்கு வாங்கிய கட்சியில், தலைவரின் குரலைத் தவிர நமக்கு ஞாபகம் இருக்கும் இரண்டாவது குரல் எது?

அதே பிப்ரவரியில் ஈரோடு கிழக்கில் இடைத்தேர்தல். அதற்குச் சில வாரங்கள் முன்பு சீமான் பெரியாரைக் கடுமையாகத் தாக்கிப் பேசி ஊரெல்லாம் வழக்கு. ஈரோட்டில் கட்சியின் வேட்பாளர் ஒரு பெண், சீதாலட்சுமி. பெரியார் பிறந்த ஊரில், பெரியாரைத் திட்டிய தலைவருக்காக, வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கும் வேலை அவருக்கு. பிரதான எதிர்க்கட்சிகள் போட்டியிடாத தேர்தலில் இருபத்து நான்காயிரம் வாக்கு வாங்கினார், டெபாசிட் போனது. பேசியவர் ஒருவர், விலை கொடுத்தவர் இன்னொருவர்.

ஈரோட்டுக்கும் கள்ளுக்கும் உள்ள உறவை அவர் அறிந்திருப்பாரா என்று யோசித்தேன். 1921இல் அந்த ஊரில் கள்ளுக்கடை மறியலைத் தெருவுக்கு இறங்கி நடத்திய பெண்கள் நாகம்மையும் கண்ணம்மாளும், பெரியாரின் மனைவியும் தங்கையும். கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று தன் தோப்பில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளைப் பெரியார் வெட்டிச் சாய்த்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். மரத்தை வெட்டியது பாடப்புத்தகக் கதை ஆனது, மறியலில் நின்ற பெண்கள் அதில் ஒரு வரியானார்கள். (பெரியார் பின்னாளில் மதுவிலக்கையே எதிர்த்தார் என்பது தனிக் கதை. அவரிடமும் நமக்குச் சண்டை உண்டு.)

அவரிடம் நான் திரும்பத் திரும்பப் போவது கர்ப்பத்தடை பற்றி அவர் எழுதியதற்காக. 1920களின் இறுதியில் கர்ப்பத்தடையை ஆதரித்தவர்கள் நாட்டின் பொருளாதாரம், தாயின் ஆரோக்கியம், ஜனத்தொகை என்று காரணம் சொன்னார்கள். அவர் அந்தக் காரணங்களை ஓரமாக வைத்துவிட்டு, பெண்ணின் சுதந்திரத்துக்காகவே அது வேண்டும் என்றார். உடல் நாட்டுக்காகவா, வம்சத்துக்காகவா, அவளுக்காகவா என்ற கேள்வியை அவ்வளவு அப்பட்டமாகத் தமிழில் வைத்தவர் அப்போது வேறு யார்? சீமான் பெரியாரை எதிர்ப்பதற்கு மொழி, இனம் என்று பல காரணங்கள் சொல்கிறார். நான் அவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது, பிளவு இந்த இடத்தில்தான் தெரிகிறது. ஒருவர் பேச்சில் ஆரோக்கியம் என்பது இனத்தின் ஆரோக்கியம். தாய் என்பவள் அதன் மண், அதன் ஊற்று, அதன் பால். இன்னொருவர் பேச்சில் அவள் பெறாமலும் இருக்கலாம்.

2026 தேர்தலிலும் தனித்தே நிற்போம், பாதி பெண்கள் என்று அறிவித்தார்கள். எங்கள் தொகுதியில் பெண் வேட்பாளர் வந்தால் அம்மா கட்டாயம் கேட்டுவிடுவாள். அவளுக்கு இப்போது முட்டி வலி, ஜீப்பில் போவதில்லை. தெருமுனையில் எந்தக் கட்சி மைக் கட்டினாலும் போய் உட்கார்ந்து கேட்கிறாள். சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கியதும் இரண்டு ஐந்நூறைத் தனியே மடித்து, வெற்றிலைப் பையின் அடியில் சுண்ணாம்பு டப்பாவுக்குள் வைத்து, அந்தக் கறுப்புப் பலகையையும் அடிவாரத்து டாஸ்மாக்கையும் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த பெண்மணி அவள். அப்பா பதினெட்டு வருஷமும் அந்த டப்பாவைத் திறந்து பார்க்கவே இல்லை.